உள்தடை

எர்தெனெத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு.
ஆய்வகத்தின் கதவுப்பிடியை மரல்மா தொடுவதற்கு
ஒரு நகக்கண் முன்பே
அது அவளைத் தொட்டுவிட்டது.
சடக்.
வழிநெடுக ஒட்டக மயிர்ச் சட்டை
உரசி உரசிச் சேர்த்த மின்னூட்டம்
ஒரே பாய்ச்சலில் போயிற்று.
ஐயாயிரம் வோல்ட் இருக்கும். ஆனாலும்
விரலை ஒருமுறை உதறியதோடு சரி.
அருவியின் உயரம் பெரிது;
விழுந்த நீர் ஒரு சொட்டு.

ஊகன் அதற்குள் மேசையில் கடை விரித்திருந்தான்.
(நம் மொழியில் அந்தப் பெயர்
ஊகித்தே காலம் தள்ளுபவன் என்று கேட்கும்.
அவர்கள் மொழியில் தலைப்பிள்ளை.
அவனுக்கு இரண்டும் பொருந்தும்.)
ஒரு மின்கலம், ஒரு குட்டி பல்பு, ஒரு சாவி,
இரண்டு செம்புக் கம்பி.

செம்பைத் தெரியாதவர் இந்த ஊரில் இல்லை.
மலையைப் படிபடியாகச் சீவித் தின்ற பெருங்குழி
ஜன்னலுக்கு வெளியே புகைந்துகொண்டிருக்கிறது.
அங்கிருந்து தூளாக ரயிலேறித் தெற்கே போனது
யாரோ உருக்கி, யாரோ இழுத்து,
சிவப்புச் சட்டை மாட்டி இங்கேயே வந்திருக்கலாம்.
போனது திரும்பினால்தான் அது சுற்று.
திரும்பாவிட்டால் வெறும் கம்பி.

சாவியை அழுத்தினான். இருட்டு.

பல்பு போயிருக்கும் என்றான். மாற்றினார்கள். இருட்டு.
கம்பி அறுந்திருக்கும் என்றான். அறுந்திருக்கவில்லை.
அப்படியானால் கலம் செத்திருக்கும் என்றான்.
வோல்ட்மீட்டரின் முள்
குண்டுக்கல்லாக ஒன்றரையில் நின்றது.

மரல்மா முள்ளைப் பார்த்தபடியே சாவியை அழுத்தினாள்.
முள் சரிந்தது: பூஜ்யம் புள்ளி ஆறு.
விட்டாள். ஒன்றரை.
அழுத்தினாள். ஆறு.
கேட்காதவரை ஒன்றரை.
கொடு என்று கேட்டதும் பாதிகூட இல்லை.

"ராத்திரி இதை எங்கே வைத்திருந்தாய்?"
"பையில்."
"பை?"
"பால்கனியில். இறைச்சி மூட்டைக்குப் பக்கத்தில்."

குளிரில் கம்பிக்குத் தடை குறைகிறது.
கலத்தின் வயிற்றிலுள்ள பசைக்கோ கூடுகிறது;
அயனிகள் உறைசேற்றில் கால் புதைய நடக்கின்றன.
வோல்ட்டின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே செலவாகி
வாசலுக்கு வருவது மிச்சம்.
அம்மீட்டரில் பார்த்தால் பூஜ்யம் புள்ளி ஒன்று ஐந்து.
"ஆறு ஓம்" என்றான் ஊகன்.
கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆறு ஓம்தான்.
அவனே பயந்துபோனான்.

கலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு
கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.
பிறகு அழுத்தினாள். எரிந்தது.

உடனே எரிந்தது, அதுதான் வேடிக்கை.
சாவியருகே நிற்கும் எலெக்ட்ரான்
ஒரு மீட்டர் கடக்க ஆறு மணி நேரம் எடுக்கும்;
நத்தை அதைப் பார்த்துச் சிரிக்கும்.
ஆனால் பல்புக்கு யாரும் வந்து சேரவேண்டியதில்லை.
இழை முழுக்க ஏற்கெனவே நெருக்கியடித்து நிற்கிறார்கள்.
நகருங்கள் என்ற சொல் மட்டும் வேகம்.
ரேஷன் வரிசையில் முன்னால் ஒருவர் நகர்ந்தால்
கடைசி ஆள் வரை காலெடுத்து வைப்பதுபோல,
அதைவிடக் கோடி மடங்கு அவசரமாக.

மாலையில் அம்மா வந்தாள்,
குழியில் பன்னிரண்டு மணி நேரம்
நூற்றி முப்பது டன் லாரி ஓட்டிவிட்டு.
நலமா என்றால் நலம் என்பாள்.
தினமும் அதே ஒன்றரை.
இன்று மரல்மா கேட்கவில்லை.
படிக்கட்டின் இரண்டாம் திருப்பத்துக்கு இறங்கி வந்து
மாவு மூட்டையோடு அவள் ஏறுவதைப் பார்த்தாள்.
சுவரில் ஒரு கை. மூச்சு. மறுபடி ஒரு படி.

மூட்டையை வாங்கக் கை நீட்டினாள்.
இரண்டு விரல்களுக்கும் நடுவே, சடக்.
அம்மா சிரித்தாள்.
பிறகு, சிரிப்பு அடங்குவதற்குள்,
"முதுகு ரொம்ப வலிக்கிறது" என்றாள்.